படம் இருக்கிறது, பார்த்தவர் யார்?

ஸ்கேன் எடுத்தால் முன்பெல்லாம் ஒரு பெரிய கவரில் பிலிம் போட்டுத் தருவார்கள். இப்போது அந்தக் கவருக்குள் ஒரு சிடியும் சேர்ந்து வருகிறது. சில இடங்களில் சிடிக்குப் பதில் பென் டிரைவ். சில இடங்களில் மொபைலுக்கு ஒரு லிங்க் வரும், அவ்வளவுதான். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் உடனே போட்டுப் பார்க்கத்தான் தோன்றும். அதில் தப்பில்லை. உங்கள் உடம்பு, உங்கள் படம், உங்கள் கம்ப்யூட்டர். (சி.டி. ஸ்கேன் வேறு, அதை எழுதித் தரும் சிடி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் வட்டத்தட்டை மட்டும்தான் சிடி.)

சிடியை எப்படித் திறப்பது என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் படத்தை உங்களுக்கு முன்னால் யார் பார்த்தார்கள்? சாதாரண எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. என்றால் பதில் சுலபம். படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ரேடியாலஜிஸ்ட் பார்த்திருப்பார். அவர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் கூடவே இருக்கும். ஆனால் ஒரு வகைப் படத்துக்கு மட்டும் இந்தப் பதில் நிச்சயமில்லை. எண்டோஸ்கோப்பி செய்யும்போது எடுக்கப்படும் எக்ஸ்ரே படங்கள்தான் அவை. அவற்றையும் ஒரு ரேடியாலஜிஸ்ட் உட்கார்ந்து பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும் என்பது என் கட்சி. கம்ப்யூட்டர் பத்திரிகையில் இது எதற்கு என்று கேட்கலாம். இதைச் சாத்தியமாக்கியதே கம்ப்யூட்டர்தான் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்டோஸ்கோப்பி என்றால் வாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ வளையும் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது என்று எல்லோருக்கும் தெரியும். 1954-ல் ஹரால்டு ஹாப்கின்ஸ் என்பவரும், பஞ்சாபில் பிறந்து லண்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நரிந்தர் சிங் கபானியும், மெல்லிய கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டினார்கள். அதை வைத்து 1957-ல் அமெரிக்காவில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் எண்டோஸ்கோப்பைச் செய்தார். அந்தக் காலத்துக் கருவியில் ஒரே ஒரு கண்தான் பார்க்க முடியும். டாக்டர் குழாயின் மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்ப்பார். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. 1983-ல் வெல்ச் ஆலின் நிறுவனம் குழாயின் நுனியிலேயே ஒரு சிசிடி சிப்பை வைத்தது. நம் பழைய டிஜிட்டல் கேமராக்களில் இருந்த அதே வகைச் சிப்தான். அன்று முதல் படம் டிவி திரைக்கு வந்தது. திரைக்கு வந்தபின் கம்ப்யூட்டருக்கு வந்தது. பைலாகச் சேமிக்க முடிந்தது. இன்னொருவர் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே அப்போதுதான் இடம் வந்தது.

இப்படிக் கேமரா காட்டும் கலர் படங்களைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இரைப்பைப் புண், குடலில் வளரும் சிறு கட்டி இவற்றைப் பார்த்துச் சொல்ல எண்டோஸ்கோப்பி டாக்டரைவிடத் தகுதியானவர் யாரும் கிடையாது. ரேடியாலஜிஸ்டுக்கு அங்கே வேலையில்லை. சந்தேகம் இருந்தால் சதையைக் கிள்ளி எடுத்து பெத்தாலஜிஸ்டுக்கு அனுப்புவார்கள். அங்கேயே ஓர் இரண்டாவது பார்வை வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

பிரச்சினை இ.ஆர்.சி.பி. என்ற சிகிச்சையில்தான். பெயர் பயமுறுத்தும். விஷயம் எளிது. கல்லீரலிலிருந்து பித்தம் வரும் குழாயும் கணையத்திலிருந்து வரும் குழாயும் சிறுகுடலின் தொடக்கத்தில் ஒரு சிறு காம்பு போன்ற இடத்தில் திறக்கின்றன. பக்கவாட்டில் பார்க்கும் கேமரா கொண்ட எண்டோஸ்கோப்பை வாய் வழியாக அதுவரை கொண்டுபோகிறார்கள். அந்தச் சிறு துவாரத்தில் மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மருந்தைச் செலுத்துகிறார்கள். கேமரா அந்தத் துவாரத்தின் வாசல் வரைதான் காட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காட்டுவது எக்ஸ்ரே. கல் இருந்தால் மருந்து நிரம்பிய குழாயில் அந்த இடம் மட்டும் ஓட்டை போலத் தெரியும். பிறகு வாசலைச் சற்றே வெட்டி அகலமாக்கிக் கல்லை எடுப்பார்கள். அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் வைப்பார்கள். 1968-ல் அமெரிக்காவில் மெக்கூன் என்ற டாக்டரும் அவருடைய குழுவும் இந்த முறையை முதலில் வெளியிட்டார்கள். 1974-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனியாக அந்த வெட்டும் முறை வந்தது. மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரிக்குப் போய், பித்தக்குழாயில் கல் என்று சொல்லி வயிற்றைக் கிழிக்காமல் எடுத்து வந்தவர்கள் உங்கள் தெருவிலேயே யாராவது இருப்பார்கள்.

ஆக, இது இரண்டு படங்கள் சேர்ந்த சிகிச்சை. ஒரு திரையில் கலர் வீடியோ. இன்னொரு திரையில் கறுப்பு வெள்ளை எக்ஸ்ரே. இரண்டையும் பார்ப்பவர் ஒரே டாக்டர். அவருடைய இரண்டு கைகளும் எண்டோஸ்கோப்பில். கால் பெரும்பாலும் எக்ஸ்ரே பெடலில். நோயாளி மயக்கத்தில். எக்ஸ்ரேயின் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் திரையில் படம் சில நொடிகள்தான் ஓடும். அந்த நேரத்தில் அவர் தேடுவது கல்லை. அல்லது அடைப்பை. அல்லது ஸ்டென்ட் சரியாக உட்கார்ந்ததா என்பதை. அவர் தேடியது கிடைத்தால் வேலை முடிந்தது.

தேடாதது?

2013-ல் அமெரிக்காவில் டிராஃப்டன் ட்ரூ, மெலிசா வோ, ஜெரமி உல்ஃப் என்ற மூவர் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார்கள். நுரையீரல் சி.டி. படத்தில் ஒரு கொரில்லாவின் சிறு உருவத்தை ஒட்டி வைத்து, அதில் கட்டிகள் இருக்கின்றனவா என்று தேடச் சொன்னார்கள். கொரில்லா சாதாரணக் கட்டியைப்போல 48 மடங்கு பெரியது. பார்த்தவர்கள் 24 ரேடியாலஜிஸ்டுகள். அவர்களில் 20 பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை. கண் அந்த இடத்தின் மீது போய் வந்திருக்கிறது, மனசு பதிவு செய்யவில்லை. தேடச் சொன்னது கொரில்லாவை அல்லவே!

இதைப் படித்ததும் நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். "ரேடியாலஜிஸ்டே கோட்டை விடுகிறார் என்றால் அவரிடம் எதற்குக் காட்ட வேண்டும்?" நியாயமான கேள்வி. இதற்குப் பல வருஷம் முன்னால், 1949-லேயே, சான் பிரான்சிஸ்கோவில் லியோ ஹென்றி கார்லண்ட் என்ற ரேடியாலஜிஸ்ட் தன் சொந்தத் தொழிலையே கூண்டில் ஏற்றினார். நோய் தெரியும் மார்பு எக்ஸ்ரேக்களில் சுமார் 30 சதவீதத்தை அனுபவமுள்ளவர்களே தவறவிடுகிறார்கள் என்று எழுதினார். தவறு எல்லோருக்கும் வரும். ஆனால் இருவரும் ஒரே தவறைச் செய்யும் வாய்ப்பு குறைவு. அதிலும் இருவரும் வெவ்வேறு பழக்கத்தில் பார்ப்பவர்கள் என்றால் இன்னும் குறைவு. எண்டோஸ்கோப்பி டாக்டர் குழாயைப் பார்ப்பார். ரேடியாலஜிஸ்ட் படத்தின் நான்கு மூலைகளையும் பார்க்கப் பயிற்சி பெற்றவர். இ.ஆர்.சி.பி. படத்தில் பித்தக்குழாய் மட்டுமா இருக்கிறது? நுரையீரலின் அடிப்பகுதி இருக்கிறது, முதுகெலும்பு இருக்கிறது, சிறுநீரகம் இருக்கும் இடம் இருக்கிறது, குடலில் உள்ள காற்று தெரிகிறது. குடலுக்கு வெளியே இருக்கக்கூடாத இடத்தில் காற்று இருந்தால், எங்கோ துளை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இ.ஆர்.சி.பி.யில் துளை விழுவது 100 பேரில் ஒருவருக்கும் குறைவுதான். ஆனால் விழுந்தவருக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. வயிற்றின் பின்பக்கம் சிறுநீரகத்தைச் சுற்றி மெல்லிய கோடுபோலத் தெரியும் காற்று அவசரத்தில் கண்ணில் படாமல் போகக்கூடியது.

இன்னொன்று காற்றுக் குமிழி. மருந்தோடு சேர்ந்து உள்ளே போன குமிழியும் படத்தில் கல் போலத்தான் தெரியும். உருண்டையாக இருக்கும். குமிழி மேல்நோக்கி மிதந்து இடம் மாறும், கல் அப்படி மாறாது. ஓடும் படத்தை நேரில் பார்த்தவருக்கு இது உடனே விளங்கும். நின்றுபோன ஒரு படத்தை மறுநாள் பார்ப்பவருக்கு விளங்காமல் போகலாம். இங்கே எண்டோஸ்கோப்பி டாக்டர் பக்கம்தான் பலம் அதிகம். அதை மறைக்க நான் தயாரில்லை.

இந்தப் பக்கத்தைச் சொல்பவர்கள் இன்னும் சில காரணங்கள் வைத்திருக்கிறார்கள். சிகிச்சை முடிந்த பிறகு வரும் ரிப்போர்ட்டால் என்ன பயன்? கல் எடுத்தாயிற்று, நோயாளி வார்டுக்குப் போய்விட்டார். ரேடியாலஜிஸ்டுகள் ஏற்கெனவே குறைவு. அவர்களை அவசர சி.டி.யிலிருந்து எழுப்பி, முடிந்துபோன வேலையைத் திரும்பப் பார்க்கச் சொல்வது சரியா? கட்டணமும் கூடும். அது நோயாளி தலையில்தான் விழும். மேலும் இப்போது நோயைக் கண்டுபிடிக்க இ.ஆர்.சி.பி. செய்வதே அபூர்வம். 1991-ல் அறிமுகமான எம்.ஆர்.சி.பி. என்ற காந்த ஸ்கேன் முறை, குழாய் எதுவும் விடாமலேயே பித்தக்குழாயைக் காட்டிவிடுகிறது. ரேடியாலஜிஸ்ட் அதைப் பார்த்து முன்பே ரிப்போர்ட் தந்துவிடுகிறார். அதற்குப் பிறகும் ஏன்?

கடைசிக் காரணம் எனக்கு எதிரானது என்று நினைத்துச் சொல்கிறார்கள். எனக்கு அது சாதகமாகத்தான் படுகிறது. எம்.ஆர்.சி.பி.யில் மூன்று கல் தெரிந்தது. இ.ஆர்.சி.பி.யில் இரண்டு எடுத்ததாக எழுதியிருக்கிறது. மூன்றாவது எங்கே? தானாக இறங்கிப் போயிருக்கலாம். முதல் படத்திலேயே தப்பாகத் தெரிந்திருக்கலாம். உள்ளேயே இருக்கவும் கூடும். இந்தக் கேள்வியைக் கேட்க இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும். ஆஸ்பத்திரிகளில் பாக்ஸ் என்று ஒரு சிஸ்டம் இருக்கிறது. எல்லா மிஷினிலிருந்தும் வரும் படங்களைச் சேமித்து, எந்த அறையில் உள்ள கம்ப்யூட்டரிலும் காட்டும் சர்வர் அது. அதில் பழைய படமும் புதிய படமும் ஒரே திரையில் வரும். முன்பு ரெக்கார்டு ரூமில் பிலிம் தேட அரை நாள் ஆகும். இப்போது இரண்டு கிளிக். ரேடியாலஜிஸ்டுக்கு வேலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் நூற்றுக்கணக்கான படங்கள் கொண்ட சி.டி.யோடு ஒப்பிட்டால் ஏழெட்டு எக்ஸ்ரே படம் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஊரில் ரேடியாலஜிஸ்ட் இல்லை என்ற சாக்கும் இனிச் செல்லாது. பெங்களூரில் அர்ஜுன் கல்யாண்பூர் என்ற ரேடியாலஜிஸ்ட் 2002 வாக்கில் டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் நள்ளிரவில் எடுக்கும் அவசர ஸ்கேனை, இங்கே பகலாக இருக்கும் நேரத்தில் பார்த்து ரிப்போர்ட் அனுப்பும் வேலை. கடல் தாண்டி வரும் படத்தை இங்கிருந்து படிக்கலாம், பக்கத்து மாவட்டத்துப் படத்தைப் படிக்க முடியாது என்றால் யார் நம்புவார்கள்?

நான் அதிகம் கோபப்படுவது வேறு ஒன்றின் மேல். சில ஆஸ்பத்திரிகளில் விதிப்படி இந்தப் படங்கள் ரேடியாலஜி துறைக்குப் போகத்தான் செய்கின்றன. அங்கிருந்து ஒரு வரி ரிப்போர்ட் வரும். "இ.ஆர்.சி.பி. செய்யப்பட்டது. விவரங்களுக்கு எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டைப் பார்க்கவும்." இதற்கு ஒரு டாக்டர் தேவையா? நம் வீட்டுப் பிரிண்டரே இதை அச்சடித்துத் தரும். இப்படி எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம். யாரோ பார்த்துவிட்டார்கள் என்ற பொய்யான தைரியமாவது வராது.

ஆனால் ஒரு வரி எழுதுபவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவருக்கு வந்து சேர்வது என்ன? பெயர் தெரியாத ஐந்து படங்கள். எது முதலில் எடுத்தது, எது கடைசி என்று தெரியாது. மருந்து செலுத்துவதற்கு முன்னால் வெறும் வயிற்றை எடுத்த படம் இருக்காது. அது இல்லாவிட்டால், படத்தில் வெள்ளையாகத் தெரிவது இப்போது செலுத்திய மருந்தா, முன்பே கணையத்தில் படிந்திருந்த சுண்ணாம்பா என்று சொல்வது கஷ்டம். எல்லாம் முடிந்து எண்டோஸ்கோப்பை வெளியே எடுத்த பிறகு ஒரு கடைசிப் படம் வேண்டும். அதுவும் பல நேரம் இருக்காது. ஓடிய படங்களில் பெரும்பகுதி சேவ் செய்யப்படாமல் காற்றோடு போய்விடும். சேவ் செய்யாத பைலை இன்னொருவர் எப்படிப் படிப்பார்? ஒரு மணி நேரம் டைப் அடித்துவிட்டு கரண்ட் போய்த் தவித்தவர்களுக்கு இது புரியும்.

ஹார்டு டிஸ்கில் இடம் இல்லை என்ற காலம் மலையேறிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் எக்ஸ்ரே படம் 1024-க்கு 1024 பிக்செல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்செலுக்கு 2 பைட் என்றால் ஒரு படம் 2 எம்.பி. 20 படம் சேமித்தாலும் 40 எம்.பி.தான். உங்கள் மொபைலில் இருக்கும் ஒரு கல்யாண வீடியோ இதைவிடப் பெரியதாக இருக்கும்.

எனவே என் கோரிக்கை இதுதான். மருந்துக்கு முன் ஒன்று, கல் தெரியும்போது, கல் எடுத்தபின், கடைசியில் ஒன்று என்று படங்களை ஒழுங்காகச் சேவ் செய்யட்டும். எண்டோஸ்கோப்பி டாக்டர் தன் ரிப்போர்ட்டை உடனே எழுதட்டும். அதையும் பழைய ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரேடியாலஜிஸ்ட் அன்றோ மறுநாளோ பார்க்கட்டும். இரண்டு ரிப்போர்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் இருவரும் போனில் பேசிக்கொள்ளட்டும். நோயாளியின் கையில் முரண்பட்ட இரண்டு காகிதத்தைக் கொடுத்து அனுப்பக்கூடாது. எல்லா நோயாளிக்கும் இது முடியாது என்றால், சிகிச்சைக்குப் பிறகு வயிற்றுவலி அதிகமானவர், அடைப்பு கல்லால்தானா கட்டியாலா என்ற சந்தேகம் உள்ளவர், ஸ்டென்ட் வைக்கப்பட்டவர் ஆகியோருக்காவது கட்டாயம் வேண்டும்.

ஸ்டென்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பித்தக்குழாயில் வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டென்ட் நிரந்தரமானது அல்ல. வழக்கமாக மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். காமாலை இறங்கி, பசி எடுத்து, வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டால் உள்ளே ஒரு குழாய் இருக்கிறது என்பதே மறந்துபோகும். மாதங்கள் ஓடிவிடும். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு, சீழ் பிடித்து, குளிரும் காய்ச்சலுமாக அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் உண்டு. உயிருக்கே ஆபத்தான நிலை அது. கடைசிப் படத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, இந்த இடத்தில் இருக்கிறது, இந்தத் தேதியில் வைக்கப்பட்டது என்று இரண்டாவது ரிப்போர்ட்டிலும் எழுதியிருந்தால், நினைவூட்ட இன்னொரு காகிதம் ஆயிற்று.

கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்துச் சொல்லிவிடாதா என்று கேட்பவர்களுக்கு: ஓரளவு சொல்கிறது. ஜிஐ ஜீனியஸ் என்ற கருவிக்கு 2021-ல் அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. பெருங்குடல் எண்டோஸ்கோப்பி நடக்கும்போதே, சந்தேகப்படும் இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுக் காட்டும். கட்டிதானா என்று முடிவு செய்வது டாக்டர். அதாவது அங்கேயும் இரண்டாவது கண்ணாகத்தான் கம்ப்யூட்டரை உட்கார வைத்திருக்கிறார்கள். மொபைலில் எக்ஸ்ரேயைப் போட்டோ எடுத்து ஏதோ ஒரு ஏ.ஐ. சாட் சாப்ட்வேரிடம் கேட்பது இதோடு சேராது. அது தைரியமாகப் பதில் சொல்லும். சரியாகச் சொல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சிடியைத் திறப்போமா

விண்டோஸில் சிடியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு டைகாம்டிர் என்ற பைலும், ஒரு போல்டருக்குள் பெயரே புரியாத பைல்களும் இருக்கும். கடைசியில் புள்ளி வைத்த எக்ஸ்டென்ஷன் இருக்காது. டபுள் கிளிக் செய்தால் எதைக் கொண்டு திறப்பது என்று விண்டோஸ் உங்களையே கேட்கும். பயப்பட வேண்டாம், சிடி கெட்டுப் போகவில்லை. இவை டைகாம் என்ற முறையில் எழுதப்பட்டவை. 1985-ல் வேறு பெயரில் தொடங்கி 1993-ல் டைகாம் என்று பெயர் பெற்ற உலகப் பொது முறை இது. எந்தக் கம்பெனி மிஷினில் எடுத்தாலும் வேறு கம்பெனி கம்ப்யூட்டரில் திறக்கும். சிடியில் எழுதும்போது பைல் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது, எக்ஸ்டென்ஷன் கூடாது என்பது அந்த முறையின் விதி. டாஸ் காலத்து வாசனை!

சில சிடிகளில் படம் பார்க்கும் சாப்ட்வேரும் சேர்ந்தே வரும். இல்லாவிட்டால் மைக்ரோடைகாம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு இலவசம். இர்ஃபான்வியூ வைத்திருப்பவர்கள் அதன் பிளக்-இன்களையும் சேர்த்து இன்ஸ்டால் செய்தால் அதிலேயே திறக்கலாம். ஆப்பிள் மேக் என்றால் ஹோரோஸ். புதிய லேப்டாப்பில் சிடி போடும் டிரைவே இல்லை என்பவர்கள், யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அல்லது பக்கத்து பிரவுசிங் சென்டர் என்று ஓடாமல், ஆஸ்பத்திரியிலேயே பென் டிரைவில் கேளுங்கள். பிரவுசிங் சென்டர் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த பைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத குறிகளுக்கு நடுவே டி, ஐ, சி, எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். இன்னும் கொஞ்சம் கீழே போனால் உங்கள் பெயரே இருக்கும். பிறந்த தேதியும் ஆஸ்பத்திரி பெயரும்கூட இருக்கலாம். நோட்பேடில் பார்ப்பதோடு நிறுத்துங்கள், சேவ் செய்யாதீர்கள், பைல் பாழாகிவிடும். இப்படி உங்கள் விவரம் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால், கண்ட வெப்சைட்டில் அப்லோட் செய்வதும் கூடாது.

திறந்த படத்தின் மேல் மவுஸை அழுத்தி இழுத்தால் வெளிச்சமும் அழுத்தமும் மாறும். டைகாம் பைலில் 4096 சாம்பல் நிறங்கள் வரை இருக்கலாம். உங்கள் மானிட்டர் ஒரே நேரத்தில் காட்டுவது சாதாரணமாக 256. எந்த 256 என்று தேர்ந்தெடுப்பதுதான் அந்த இழுப்பு. இதையே ஜேபெக்காக மாற்றினால் மீதி எல்லாம் போய்விடும், திரும்ப வராது. டாக்டருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது இன்னும் சுருக்கிவிடும். திரையை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. மெல்லிய கோடாகத் தெரியும் காற்றைப் பற்றிச் சொன்னேனே, அது முதலில் காணாமல் போவது இப்படித்தான். டைகாம் பைல்களை அப்படியே ஜிப் செய்து, டாக்குமென்டாக அனுப்புங்கள்.

படத்தைப் பார்த்து நீங்களே முடிவுக்கு வர வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். விலை குறைந்த லேப்டாப் திரையைச் சற்றுச் சாய்த்தாலே கறுப்பு வெள்ளையாகிறது. ரேடியாலஜிஸ்டின் மானிட்டர் இதற்கென்றே அளவு பார்த்து வைத்தது. நீங்கள் செய்ய வேண்டியது வேறு. இ.ஆர்.சி.பி. செய்துகொண்டு வீட்டுக்கு வரும்முன், எக்ஸ்ரே படங்களை டைகாமாகக் கேட்டு வாங்குங்கள். அவற்றை ரேடியாலஜிஸ்ட் பார்த்தாரா, ரிப்போர்ட் உண்டா என்று பணிவாகக் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களா, பிளாஸ்டிக்கா உலோகமா, எப்போது திரும்ப வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் சிடியில் உள்ள எல்லாவற்றையும், போல்டர் அமைப்பைக் கலைக்காமல், பெயரும் தேதியும் போட்ட ஒரு போல்டரில் காப்பி செய்யுங்கள். எழுதும் சிடிக்கு ஆயுள் கம்மி, நம் ஊர் வெயிலில் இன்னும் கம்மி. ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதியை மொபைல் காலண்டரில் ஒரு வாரம் முன்னதாகவே அலாரமாக வையுங்கள். நோயாளியின் மொபைலில் மட்டும் வைத்தால் போதாது, மகனோ மகளோ யாராவது ஒருவர் மொபைலிலும் சேர்த்து வையுங்கள்.